செல்லப்பா ஆஜரா?

"உன் புருஷன் செல்லப்பாவிடமிருந்து ஏழு வருஷமாக எந்தத் தகவலும் இல்லையா?" நீதிபதி கேட்டார்.

"ஒரு சேதியும் இல்லய்யா," என்றாள் பொன்மணி.

டவாலி வாசலில் நின்று செல்லப்பாவின் பெயரை மூன்று முறை கூவினார். மூன்றாவது முறையும் அவள் ஆசையாகத் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

செல்லப்பா இறந்துவிட்டதாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

சங்கரன்கோவில் கோர்ட்டு வாசலிலேயே பொன்மணி குங்குமத்தை அழித்தாள். தாலியைக் கழற்றி மகன் கோகுலிடம் கொடுத்தாள்.

"அழாதம்மா, நான் இருக்கேம்லா. வயலை என் பேருக்கு மாத்திட்டு உன்னைய நல்லா பாத்துக்கிடுதேன்," என்றவன், வேப்பமரத்துக்குப் பின்னால் போய் போன் பேசினான்.

தண்ணீர் கேட்கப் போன பொன்மணியின் காதில் அது விழுந்தது.

"எல்லாம் முடிஞ்சிட்டு. அம்மாவுக்குச் சந்தேகமே வரல. இனி நீங்க சித்தி கூட அங்கனயே நிம்மதியா இருங்க, அப்பா."