பைக்கு அடியில் ஒரு சீட்டு

நீர் வடிந்து நிறைந்த பையை மேஜைமேல் மல்லாத்திப் போட்டாள் தையல்காரி.

கணவரின் வயிற்றிலிருந்து குழாய் வழியே இப்போதுதான் இறங்கிய நீர். சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டதால், தினம் நான்கு முறை வயிற்றுக்குள் மருந்து நீரை விட்டு வடிக்கும் இந்தக் கழுவல் வீட்டிலேயே.

போன வாரம் எப்படியோ கிருமி புகுந்து, நீர் கஞ்சியாகக் கலங்கிவிட்டது. இன்றும் தெளியாவிட்டால் குழாயையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

தெளிவைப் பார்க்கும் வழி சுலபம். பைக்கு அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும்.

நேற்று மனிதர் ஒரு பத்தியைக் கடகடவென்று படித்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

பையைத் தூக்கினால், அடியில் கிடந்தது முந்தாநாள் பேப்பர். அவர் படித்ததோ நேற்றைய செய்தி.

இருபது வருஷம் பஸ்ஸில் நிறுத்தங்களை ஒப்பித்த கண்டக்டர். மனப்பாடத்துக்குக் கேட்கவா வேண்டும்? ஆஸ்பத்திரிக்குப் பயந்து செய்த திருட்டு வேலை. கோபத்தில் கத்த வாயைத் திறந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இன்று அந்தப் பாச்சா பலிக்காது.

காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. விடிந்ததும் வடிந்த பையிலேயே கொஞ்சம் வெளிச்சம் தெரிந்திருந்தது. அந்த நினைப்பில் ஒரு சட்டைக்குக் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, அதற்கும் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

நான்கு நாளாகப் பர்ஸில் ஒளித்து வைத்திருந்த சீட்டைப் பைக்கு அடியில் தள்ளினாள். அவள் எழுதியது. அவர் பார்த்ததே இல்லை.

"ம், இப்போ படிங்க பார்க்கலாம்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். உதடு அசைந்தது. நின்றது. மறுபடி முதல் வரிக்குப் போனார்.

"எழுத்து தெரியலம்மா."

அவளுக்குப் பகீர் என்றது. அவரை நகர்த்திவிட்டுத் தானே குனிந்தாள்.

நீர் பளிங்காக இருந்தது. அடியில் அவளுடைய கோழிக் கிறுக்கல் ஒரு புள்ளிகூட மறையாமல் தெரிந்தது:

'என் சிறுநீரகம் உங்களுக்குப் பொருந்துதாம். கிருமி போனதும் வெச்சிடலாம்னு டாக்டர் சொல்லிட்டார்.'

அவள் நிமிர்ந்து அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். மிச்சத் துணி ஒன்றை எடுத்து இரண்டு வில்லையையும் ஈரம் போகத் துடைத்து மாட்டிவிட்டாள்.

கண்ணாடி உடனே மறுபடி நனைந்தது.