ஜூன் 31

பதினேழாவது முறையாக நின்றது.

அவள் மேசையில் ஓங்கி அறைந்தாள். காபி தளும்பிச் சிந்தியது.

நேற்றுவரை ஓடிய புரோகிராம். அவள் எழுதியது. ஆறு வருடமாக ஒருநாள்கூட மக்கர் செய்ததில்லை. பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளுக்கு இந்த ஆஸ்பத்திரியில் இலவச ஆபரேஷன். அதில் யார் அடுத்து என்று வரிசை போட்டுத் தரும். அதிக நாள் காத்திருந்த பிள்ளை முதலில். அவ்வளவுதான் வேலை. இதற்கு எதற்குப் புதிய மென்பொருள்?

எல்லாம் செல்வினால் வந்த வினை. வயதில் சின்னவன், பதவியில் மேலே. சென்னைக் கருத்தரங்கில் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு வந்து, புரோகிராமை ஓட்டும் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

வேண்டாம் என்று மூன்று மெயில் போட்டாள். ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும்? யார் கேட்டார்கள்?

இப்போது பார்.

செல்வின் வந்து திரையைப் பார்த்தான். முகம் தொங்கிப்போனது.

"நீங்க சொன்னதுதான் சரிக்கா. பழசுக்கே போயிருவோம். பழசுல ஒரு தப்பும் இல்லன்னு மேல ஒரு மெயில் மட்டும் போட்டுருங்க."

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அவன் மூக்கை இன்னும் கொஞ்சம் உடைக்கலாம் என்றுதான் நின்றுபோன பதினேழு பதிவுகளையும் திறந்தாள். மெயிலில் சேர்க்க.

பதினேழும் ஒரே முகாமில் பதிந்தவை. நான்கு வருடத்துக்கு முன்னால். படிவம் எழுதிய யாரோ, மாதக் கடைசி என்று எல்லாவற்றிலும் ஒரே தேதி போட்டிருந்தார்.

ஜூன் 31.

அப்படி ஒரு நாளே கிடையாது. புதியது அதைச் சொல்லித்தான் நின்றிருக்கிறது.

பழையது ஏன் நிற்கவில்லை?

அவள் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் எழுதிய புரோகிராமில் மேலேயிருந்து நான்காவது வரி. பிழை வந்தால் நிற்காதே, அடுத்த வரிக்குப் போ. தங்கையின் வளைகாப்புக்கு பஸ் பிடிக்கிற அவசரத்தில் எழுதியது. வந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். இந்த வேலையில் எல்லோரும் நினைப்பதுதான்.

புதிய பதிப்பு அந்த வரியை மதிக்கவில்லை. பழையது ஆறு வருடமாக மதித்திருக்கிறது. தேதி புரியாமல், அந்தப் பிள்ளைகள் காத்திருந்த நாட்கள் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. மாதாமாதம் பதினேழு பேரையும் கடைசியில் தள்ளியது. நேற்றுப் பதிந்தவர்கள் முந்திப் போனார்கள்.

ஆறு வயது தாண்டினால் ஆபரேஷன் செய்தும் பெரிய பயனில்லை என்பார்கள் டாக்டர்கள்.

வயதைப் பார்த்தாள்.

எட்டு. ஏழு. ஏழு. ஒன்பது.

ஐந்தே முக்கால் ஒன்றே ஒன்று.

தன்னைத் தானே கெட்ட வார்த்தையில் திட்டினாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

"புதுசே இருக்கட்டும் செல்வின்! தப்பு என்னோடது!"

ஹால் முழுக்கக் கேட்டது.

ஜூன் 30 என்று திருத்தி ஓட்டினாள். பதினேழு பேரும் வரிசையின் தலைக்கு வந்தார்கள். ஐந்தே முக்கால் வயதுப் பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஆஸ்பத்திரியில இருந்தா?" அந்தத் தாயின் குரல் உயர்ந்தது. "எங்க முறை வந்துட்டாம்மா?"

"வந்துட்டு. நாளைக்கே பிள்ளையக் கூட்டிட்டு வாங்க."

அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாக ஏதோ கேட்டது.

"எதுத்த வீட்டு இசக்கியம்மா பிள்ளைக்கும் அன்னைக்குத்தாம்மா எழுதிக் குடுத்தோம். அவளுக்கும் வந்துட்டா?"

திரையில் தேடினாள். இசக்கியம்மாள் மகள். எட்டு வயது.

"இசக்கியம்மாவும் இங்கதாம்மா நிக்கா. நீங்களே சொல்லிருங்க."

போன் கை மாறியது.