யாரோ போட்ட உத்தரவு

"மாநாட்டுல படிக்கப்போறது இதைத்தானா?" என்று பிரசவ வார்டு நர்ஸின் கட்டுரையைப் புரட்டியபடி கேட்டார் தலைமை நர்ஸ். அவர் அனுமதிக்காவிட்டால் இரண்டு வருட ஆராய்ச்சி வீண்.

"ஆமா மேடம். பிறந்ததுமே எடை பார்க்கத் தூக்கிட்டுப் போறதாலதான் குழந்தைக்குத் தாய்ப்பால் தாமதமாகுது."

"அப்படித் தூக்கிட்டுப் போகச் சொன்னது 'யாரோ போட்ட பழைய உத்தரவு'ன்னு எழுதியிருக்கியே, யாரு அது?"

"யாராவது டாக்டரா இருக்கும் மேடம். வேணும்னா அந்த வரியை எடுத்துடறேன்."

"எடுக்காதே. எல்லாத்தையும் டாக்டருங்க தலையில கட்டவும் கட்டாதே. பேரைப் போடு."

தலைமை நர்ஸ் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்டார். பீரோவைத் திறந்து, பழுப்பேறிய அந்த உத்தரவை எடுத்து அதன் அருகில் வைத்தார். இரண்டிலும் ஒரே கையெழுத்து.

"அன்னிக்கு எனக்குச் சரின்னு தோணுச்சு, போட்டேன். நீ ஆராய்ஞ்சு பார்த்திருக்கே. தைரியமாப் படிச்சுட்டு வா."