தோளுக்குள் ஒரு கறுப்புக் கீற்று

ஸ்கேன் டாக்டர் விளக்கை அணைத்தார்.

என் கணவரின் வலது தோளில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து மெல்ல அழுத்தினார். திரையில் சாம்பல் நிறக் கோடுகள் நெளிந்தன. எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரியும். ஒரு கறுப்புக் கீற்று.

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அவருக்குத் தோள் ஜவ்வு அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தைத்தார்கள். போன ஸ்கேனில், தைத்த இடத்தில் அந்தக் கீற்று இருந்தது. அது அகலமாகியிருந்தால் மறுபடி திறந்து தைக்க வேண்டும், அப்போதும் கை பழையபடி வருமென்று உறுதி சொல்ல முடியாது என்று தைத்த டாக்டர் சொல்லியிருந்தார்.

கேட்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வலி ஒரு பக்கம் இருக்கட்டும். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டதிலிருந்து மனிதர் பேச்சையே குறைத்துவிட்டார். நண்பர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ரேடியோ. சண்டை என்று வந்தால், நான் ஒன்று சொல்வதற்குள் ஒன்பது சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் இப்போது பாதிப் பாதி வார்த்தையாகப் பேசினார். மீதியை நான் ஊகித்து, டீ கேட்டால் போர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார்.

சண்டைக்குக்கூட வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கையை மெதுவா பின்னால கொண்டுபோங்க," என்றார் டாக்டர்.

அவர் அசையவில்லை. நான் முழங்கையைத் தொட்டுக் காட்டினேன். கொண்டுபோனார்.

டாக்டர் கருவியை முன்னும் பின்னும் நகர்த்தி நெடுநேரம் பார்த்தார். நான் வேண்டாத தெய்வம் இல்லை.

"நல்லா ஒட்டிக்கிட்டு வருதுங்க. போன தடவை இருந்த இடைவெளி மூடிடுச்சு. இனிமே பயமில்ல."

அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தைத்தவருக்கு, ஜெல் தடவியவருக்கு, அந்த மெஷினுக்கு, எல்லாருக்கும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

திரை வெளிச்சத்தில் மின்னிய என் கண்ணீர் மட்டும் என் கணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் முகம் செத்துப்போனது.

"சாருக்கு சந்தோஷம் இல்லையா?" என்றார் டாக்டர்.

"லைட்டைப் போடுங்க டாக்டர். அவருக்குக் காது கேக்காது. இருட்டுல உங்க உதடும் தெரியல, என் கையும் தெரியல."

முன்கூட்டிச் சொல்லாதே என்பது அவருடைய கண்டிப்பு. சொன்னால் எல்லாரும் அவரை விட்டுவிட்டு என்னிடமே பேசுகிறார்களாம்.

விளக்கு எரிந்தது. நான் இரண்டு கைகளாலும் சைகையில் சொன்னேன்: ஒட்டிவிட்டது.

அவர் வலது கையைத் தூக்கினார். மார்பு வரை வந்தது. இடது கையும் வந்து சேர்ந்துகொண்டது. பேச ஆரம்பித்தார், முழு முழு வார்த்தையாக. முதலில் டாக்டருக்கு நன்றி. அடுத்தது எனக்குத் திட்டு, இப்படியா ஒரு மனிதனைப் பயமுறுத்துவது என்று.

"இப்பவே கையை ரொம்ப ஆட்ட வேண்டாம்னு சொல்லுங்கம்மா."

"சொல்றேன் டாக்டர்," என்றேன்.

உடனே சொல்லவில்லை. பேசி முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.