ஏற்றத்தில் நிற்கும் வண்டி

"இன்னா சாமி, பாலம் ஏறலியா?"

பிக்கப் வண்டியோடு திரும்பி வந்த ஸ்ரீரங்கனைப் பார்த்துப் பதறினார் மெக்கானிக் ஹனீஃபா.

உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்து ஏலத்தில் வாங்கிய நாலு சிலிண்டர் வண்டி அது. செங்கல் ஏற்றினால் அடையாறு பாலத்து ஏற்றத்தில் கொதித்து நின்றுவிடும். ஹனீஃபா நேற்றுதான் வால்வை அரைத்து, ரிங் மாற்றி, குதிரையாக்கி அனுப்பியிருந்தார்.

"ஒரே மூச்சுல ஏறிடுத்து, பாய்."

"அப்புறம் இன்னா கொறை?"

"பழையபடியே ஆக்கிக் குடுத்துடுங்கோ. தம்பி நச்சரிச்சான்னுதான் கொண்டுவந்தேன்."

ஹனீஃபாவுக்குச் சுருக்கென்றது. "நல்லா ஓடிக்கினு கீற வண்டியைக் கெடுக்கறதா? என் கையால அது நடக்காது சாமி."

ஸ்ரீரங்கன் பானெட்டைத் தடவிக்கொண்டே நின்றார்.

"அந்த ஏத்தத்துலதான் என் பொண்ணாத்து வாசல். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிண்டா. இனிமே உன் மூஞ்சியைத் தேடி வரமாட்டேன்னு பெருமாள் சந்நிதியில சத்தியம் பண்ணிட்டேன். வண்டி நின்னுட்டா, 'அப்பா, தண்ணி'ன்னு குடத்தோட ஓடி வருவா. அந்த ரெண்டு வார்த்தைதான் பேச்சு."

"அங்க நீங்களே நிறுத்திக்கலாமே சாமி?"

"நானா நிறுத்தினா சத்தியத்தை மீறினதாயிடும், பாய். வண்டியா நிக்கணும்."

ஹனீஃபா குனிந்து, ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து, பாதித் தண்ணீரைத் தரையில் ஓடவிட்டார்.