பச்சைக் குவிமாடம்

“கண்ணு சரியில்லாதவன் கையிலயா என் அக்கா வீட்டுச் சுவரைக் கொடுத்தீங்க?” கலஃப் மாமா தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

ஏணியில் நின்ற அவாத் சிரித்தான். ஹஜ் முடித்த அம்மா சாயங்காலம் வீடு திரும்புகிறாள். அதற்குள் வாசல் சுவரில் அவளுடைய பயணம் முழுவதும் இருந்தாக வேண்டும். கஅபாவும் கப்பலும் முடிந்துவிட்டன. மதினாவில் நபியின் பள்ளிவாசல் மேலிருக்கும் பச்சைக் குவிமாடம்தான் பாக்கி.

அவாத்துக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனாலும் நைலின் இந்தக் கரையில் யார் ஹஜ்ஜுக்குப் போனாலும் சுவருக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். வெளிச்சமும் நிழலும் அவன் கைக்கு அப்படிப் படியும். அவன் வரைந்த கப்பல் சுவரை விட்டுக் கிளம்பிவிடும் போலிருக்கும்.

“உன்னை நம்ப முடியாதுன்னுதான் பச்சைப் பொடியை நானே வாங்கியாந்தேன். சந்தையில ஒரே கூட்டம். கடைக்காரனைக்கூட கேக்காம நானே பார்த்து அள்ளினேன். கரைச்சுப் பூசு!”

அவாத் இறங்கி வந்தான். தான் குடிக்க வைத்திருந்த கர்க்கதே என்ற செம்பருத்திச் சாறு நிறைந்த கண்ணாடிக் குவளையைக் கண்ணெதிரே பிடித்து, அதன் வழியாகப் பொடியைப் பார்த்தான்.

“குடிக்கிறதை வெச்சுக் குறி பாக்குறியா?”

“இல்ல மாமா. இந்தச் சிவப்புச் சாறு வழியா பார்த்தா சிவப்பு வெளுக்கும், பச்சை கறுக்கும். அப்படித்தான் நான் பிரிக்கிறேன். இது வெளுக்குது. பச்சை இல்ல.”

“எனக்கே பாடமா? பச்சைதான்டா!”

“குவிமாடம் சிவப்பா நின்னா ஊரே சிரிக்கும் மாமா. அம்மா வாசல்லயே உடைஞ்சு போயிடுவாங்க.”

“தள்ளு, நானே பூசுறேன்!” மாமா தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.

சத்தம் கேட்டு, கீரை நறுக்கிக்கொண்டிருந்த தங்கை நஜாத் வெளியே ஓடி வந்தாள். பொடியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஐயோ மாமா! செங்கல் மாதிரி சிவந்து கிடக்கு, இதுவா பச்சை?” கையிலிருந்த கீரையைப் பொடிமேல் வைத்தாள். “இந்தாங்க, இதான் பச்சை!”

மாமா குனிந்து கீரையைப் பார்த்தார். பொடியைப் பார்த்தார். மறுபடி கீரையைப் பார்த்தார். தூரிகை மெல்லத் தாழ்ந்தது.

“ரெண்டும் ஒண்ணாத்தானேடா இருக்கு?”

அவாத் அவர் தோளில் கை வைத்தான்.

“எனக்கும் அப்படித்தான் மாமா.”