முப்பது சென்டிமீட்டர்

அந்த ஏரியில் விதி எளிமையானது. முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். ஆளுக்கு நான்கு மீன். மீறினால் தூண்டில் உரிமம் ரத்து.

அளந்து பார்க்கப் படித்துறையில் ஒரு தகரப் பலகை வைத்திருந்தார்கள். அது வந்த ஆறு மாதத்தில் ஒரு வழக்குகூட இல்லை. ஒழுக்கமான ஏரி என்று துறை சான்றிதழே கொடுத்துவிட்டது.

காரணம் பெயின்டருக்கு மட்டும் தெரியும். பலகையில் கோடும் எண்ணும் எழுதியவர் அவர். அதில் முப்பது என்பது உண்மையில் இருபத்தாறு.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான்காவது மீனைக் கூடையில் போட்டுவிட்டுப் பெயின்டர் நிமிர்ந்தார். புதிதாக மாற்றலாகி வந்த மீன்வள ஆய்வாளர் பலகை முன் குனிந்திருந்தார். கையில் எஃகு டேப்.

ஒரு முறை அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு பலகையின் மூலையைப் பார்த்து போனில் எண்களை அழுத்தினார்.

பெயின்டரின் சட்டைப்பை அலறியது. எதை எழுதினாலும் மூலையில் தன் கடை நம்பரையும் எழுதிவிடுவது அவர் பழக்கம்.

"நீங்கதானா அது?"

"சார்... வெயில்ல சுருங்கியிருக்கும்."

"தகரமா?"

பெயின்டர் கூடையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார்.

"கூடையைத் திறங்க."

டேப் மீன்கள்மேல் ஓடியது. "இருபத்தேழு. இருபத்தாறு. இது குழந்தைய்யா! எப்படி மனசு வந்துச்சு?"

"இருபது வருஷமா தூண்டில் போடறேன் சார். உரிமம் போச்சுன்னா ஞாயித்துக்கிழமை நான் எங்க போவேன்?"

"ஜெயிலுக்கு. கை வெச்சது அரசாங்கப் பலகையில."

பெயின்டர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வாளர் டேப்பைச் சுருட்டினார். சுற்றுமுற்றும் பார்த்தார். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆறு மாசமா ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல. அளந்த எனக்கே கண்ணை நம்ப முடியல. சுத்தமான வேலை."

"சார்?"

"புதன்கிழமை ஆபீசுக்கு வாங்க. ஏரிக் காவலர் வேலைக்கு ஆள் எடுக்கறோம். உயரம் அளக்கச் சுவத்துல கோடு போடணும். உங்க போன் நம்பர் மட்டும் வேண்டாம்."

"கோடு... எந்த அளவுல சார்?"

"இதே அளவுலதான். என் மச்சினன் நாலு சென்டிமீட்டர் குள்ளம்."